"என் துணியும்தான் போச்சு" என்றால் போதுமா?

என்னைத் தேடி வருகிறவர்களில் பலர் கையில் ஒரு ரசீதோடும், அப்போதே தோற்றுவிட்ட முகத்தோடும்தான் வருவார்கள். "பின்னாடி அச்சடிச்சிருக்கான் வக்கீலம்மா, 'சேதத்துக்குக் கடை பொறுப்பல்ல'ன்னு. இனிமே என்ன பண்ண முடியும்?" மதுரையில் நுகர்வோர் வழக்குகள் நடத்துகிற நான் அந்த வரியைக் கடைசியில்தான் படிப்பேன். முதலில் நான் கேட்பது: பொருளை வாங்கி வைத்தவர் அதை எப்படி வைத்திருந்தார்?

1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் 151ஆவது பிரிவு இதற்கு ஓர் அளவுகோல் தருகிறது. சாதாரண முன்யோசனை உள்ள ஒரு மனிதர், அதே சூழ்நிலையில், அதே அளவும் தரமும் மதிப்பும் உள்ள தன் சொந்தப் பொருளை எப்படிப் பார்த்துக்கொள்வாரோ, அப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான் விதி. சலவைக் கடை, தையல் கடை, கார் நிறுத்துமிடம், குளிர்பதனக் கிடங்கு எல்லாவற்றுக்கும் இதே விதிதான்.

ஒருமுறை ஒரு பெண் தன் கூறைப்புடவையோடு வந்தார். சலவைக்குப் போட்டிருந்த இடத்தில், ஐப்பசி மழையில் தகரக் கூரை ஒழுகி, கரும்பச்சைச் சாயம் சிவப்புக் கரையில் இறங்கியிருந்தது. சரிகை ஓரம் கறுத்துப் போயிருந்தது. கடைக்காரரைப் பேச அழைத்தேன். "அதே ரேக்குல என் வீட்டுத் துணியும்தான் இருந்துச்சு மேடம், அதுவும்தான் போச்சு" என்றார். பொய் சொல்லவில்லை, உண்மையிலேயே போயிருந்தது. ஆனால் சட்டம் அவரை அவரோடு ஒப்பிடுவதில்லை. தன் துணியை ஒழுகுகிற கூரைக்கடியில் வைப்பது அவர் இஷ்டம். முன்யோசனை உள்ள ஒருவர் முந்தின மழையிலேயே ஒழுகிய கூரையைப் பார்த்திருப்பார். பட்டுப்புடவையைப் போர்வைகளோடு சேர்த்துப் போட்டிருக்க மாட்டார். பொருளின் மதிப்புக்குத் தக்கபடி கவனமும் கூட வேண்டும் என்பதைச் சட்டத்தின் வாசகமே சொல்கிறது. பேசி முடித்தோம், புடவைக்கு ஒரு தொகை கொடுத்தார்.

இந்தக் கேள்வி எழவேண்டுமானால் பொருள் உண்மையிலேயே ஒப்படைக்கப்பட்டிருக்க வேண்டும். 1930களில் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்த ஒரு வழக்கைச் சட்டக் கல்லூரியில் படிக்காத வக்கீல் இருக்க முடியாது. பழைய நகைகளை உருக்கிப் புது நகை செய்ய ஒரு பெண்மணி பொற்கொல்லரிடம் கொடுத்திருந்தார். தினமும் மாலையில், பாதி முடிந்த நகையை வாங்கி, பொற்கொல்லரின் அறையிலேயே ஒரு பெட்டியில் பூட்டி, சாவியைத் தானே எடுத்துப் போவார். ஒருநாள் இரவு நகை களவு போனது. சாவி உங்களிடம் இருந்ததால் நகையும் உங்கள் வசத்தில்தான் இருந்தது என்று சொல்லி, நீதிமன்றம் அவர் கோரிக்கையை ஏற்கவில்லை. எச்சரிக்கையாக இருந்த பெண்மணிதான், பாவம். ஆனாலும் தீர்ப்பு சரி.

சாவியைக் கொடுத்துவிட்டால் கதை வேறு. 1998இல் டெல்லி தாஜ் மகால் ஹோட்டலுக்குச் சென்ற ஒருவர் தன் மாருதி ஜென் காரையும் சாவியையும் பணியாளரிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனார். திரும்பி வந்தபோது காரை வேறு யாரோ ஓட்டிப் போயிருந்தார்கள். டோக்கனில் 'உரிமையாளர் பொறுப்பில்' என்ற வரி இருந்தது. 2019இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: தக்க கவனம் எடுத்தோம் என்று ஹோட்டல்தான் முதலில் காட்ட வேண்டும், அதைக் காட்டாமல் டோக்கன் வரிக்குப் பின்னால் ஒளிய முடியாது. எனக்கு மிகவும் பிடித்த தீர்ப்புகளில் ஒன்று. கார் எப்படிக் களவு போனது என்பது ஹோட்டலுக்குத்தான் தெரியும். வெளியே நிற்கிறவர் எதை வைத்து நிரூபிப்பார்?

அதற்காக, முன்யோசனை என்றால் நஷ்டமே வராது என்ற உத்தரவாதம் இல்லை. செய்யவேண்டியதைச் செய்தும் பொருள் போனால் பொறுப்பில்லை என்கிறது 152ஆவது பிரிவு. போன பிறகு 'இப்படிச் செய்திருக்கலாமே' என்று யாரும் சொல்லலாம். அன்றைக்கு அவருக்குத் தெரிந்தது, தெரிந்திருக்க வேண்டியது, இவ்வளவையும் வைத்துத்தான் எடைபோட வேண்டும்.

இதே அளவுகோல்தான் நம் மின்கட்டண ரசீதுக்குள்ளும் இருக்கிறது. மின்நிலையம் கட்டுகிற நிறுவனம் செலவு செய்கிறது; அந்தச் செலவு கட்டணமாக நம் தலையில் விழுகிறது. செலவிட்டதையெல்லாம் அப்படியே நம்மிடம் வசூலிக்கலாமா என்றால், கூடாது. மின்சார ஒழுங்குமுறை ஆணையம் முன்யோசனைச் சோதனை என்ற ஒன்றைச் செய்ய வேண்டும்: இந்தச் செலவு நியாயமானதா, தாமதம் ஏன், கடன் எந்த வட்டிக்கு வாங்கப்பட்டது என்று.

மகாராஷ்டிர அரசு மின் உற்பத்தி நிறுவனத்தின் வழக்கில் மின்சார மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2011இல் வகுத்த விதி இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. யோசிக்காமல் ஒப்பந்தக்காரரைத் தேர்ந்தெடுத்தது, வேலைகளை ஒருங்கிணைக்கத் தவறியது போன்ற காரணங்களால் தாமதம் என்றால், கூடுதல் செலவு முழுக்க நிறுவனத்தின் தலையில். இயற்கைச் சீற்றம் போல நிறுவனத்தின் கைமீறிய காரணம் என்றால் கட்டணத்தில் சேர்க்கலாம். ஆனால் காப்பீட்டிலும் ஒப்பந்தக்காரரின் அபராதத்திலும் கிடைத்த பணத்தைக் கழித்துவிட வேண்டும். இரண்டிலும் சேராத தாமதம் என்றால், கூடுதல் செலவை நிறுவனமும் நுகர்வோரும் பகிர்ந்துகொள்ளலாம்.

சலவைக் கடையில் ஒரு புடவை போனால் ஒரு வீடு அழும். இங்கே முன்யோசனையில்லாமல் போட்ட ஒரு கையெழுத்துக்கு, வட்டியோடு, பல ஆண்டுகள் எல்லா வீடுகளும் பணம் கட்டும். ஆனால் ஆணையங்களில் கட்டண விசாரணை நடக்கும்போது தொழிற்சாலைச் சங்கங்கள் வருகின்றன, சில தன்னார்வலர்கள் வருகிறார்கள். வீட்டு மின்சாரத்துக்குப் பணம் கட்டுகிறவர்களை அபூர்வமாகத்தான் பார்க்கலாம்.

2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 64ஆவது பிரிவுப்படி, கட்டண மனுவின் சுருக்கம் வெளியிடப்பட வேண்டும். பொதுமக்களின் கருத்துகளையும் ஆட்சேபங்களையும் பரிசீலித்த பிறகே ஆணையம் உத்தரவிட முடியும். எழுத வக்கீல் தேவையில்லை. அடுத்த முறை அந்த அறிவிப்பு வரும்போது ஒரு வெள்ளைத்தாளில், "இந்தத் தாமதத்துக்கு யார் காரணம்? அந்தச் செலவை நாங்கள் ஏன் கட்ட வேண்டும்?" என்று தமிழிலேயே எழுதி அனுப்புங்கள்.