சூதாட்டக்கூடத்தில் தோற்பது யாருடைய பணம்?

சிங்கப்பூரின் மரினா பே சாண்ட்ஸ் சூதாட்டக்கூடத்துக்குள் போக இரண்டு வழிகள் உண்டு. குடிமக்களும் நிரந்தரவாசிகளும் 150 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கட்டிவிட்டு ஒரு வழியாகப் போகவேண்டும். அந்த அனுமதி 24 மணி நேரத்துக்கு மட்டும். வெளிநாட்டவருக்கு இன்னொரு வழி. 21 வயது நிரம்பியவர் என்பதற்கு அடையாள ஆவணத்தைக் காட்டினால் போதும், கட்டணம் கிடையாது.

சட்டபூர்வமான சூதாட்டக்கூடம் ஊருக்கு நல்லதா, கெட்டதா என்று கேட்பவர்கள் முதலில் பார்க்கவேண்டியது இந்த வாசலைத்தான். ஏனென்றால் சூதாட்டக்கூடத்தின் வருமானம் முழுவதும் யாரோ ஒருவர் தோற்ற பணம். ரூலெட் சக்கரத்தில் ஒற்றைப் பூஜ்யத்தோடு 37 எண்கள் இருக்கின்றன. ஒரு எண்ணில் கட்டி வென்றவருக்கு, கட்டிய பணம் போக, கிடைப்பது 35 மடங்கு. இந்தச் சின்ன வித்தியாசத்தால், மேசையில் வைக்கப்படும் ஒவ்வொரு 100 வெள்ளிக்கும் சராசரியாக 2.70 வெள்ளி கூடத்துக்குப் போய்ச் சேருகிறது. வென்ற பணத்தையே திரும்பத் திரும்பக் கட்டுபவருக்கு இந்த இழப்பு ஏறிக்கொண்டே போகும்.

தோற்றவர் வெளியூர்க்காரர் என்றால், அவர் விட்டுப்போன பணத்தில் ஒரு பங்கு சம்பளமாகவும் வரியாகவும் ஊரில் தங்கும். உள்ளூர்க்காரர் என்றால், மளிகைக்கும் பிள்ளையின் டியூஷனுக்கும் போயிருக்கவேண்டிய பணம்தான் இடம் மாறியிருக்கிறது.

அமெரிக்காவின் அட்லாண்டிக் சிட்டி இதைக் கண்கூடாகப் பார்த்த ஊர். நலிந்து கிடந்த அந்தக் கடற்கரை நகரத்தைத் தூக்கி நிறுத்தலாம் என்று, 1976-ல் நியூ ஜெர்சி மாநில மக்கள் வாக்கெடுப்பில் சூதாட்டக்கூடங்களுக்குச் சம்மதம் கொடுத்தார்கள். 1978-ல் முதல் கூடம் திறந்தது. ஆயிரக்கணக்கான வேலைகள் வந்தன. வரிப்பணம் மாநிலத்தின் முதியோருக்கும் உடல் ஊனமுற்றோருக்கும் உதவியது. ஆனால் பஸ்களில் வந்து இறங்கியவர்கள் கூடத்துக்குள்ளேயே சாப்பிட்டு, உள்ளேயே ஆடி, அப்படியே பஸ் ஏறிப் போனார்கள். கடற்கரையிலிருந்து சில தெருக்கள் தள்ளி இருந்த வறுமை அங்கேயே இருந்தது. 2006-ல் பக்கத்து மாநிலமான பென்சில்வேனியாவும் கூடங்களைத் திறக்கத் தொடங்கியதும் கூட்டம் அங்கே திரும்பியது. 2014 என்ற ஒரே ஆண்டில் 12 கூடங்களில் நான்கு மூடப்பட்டன. ஏறத்தாழ 8,000 பேர் வேலை இழந்தார்கள். 2016-ல் நகர நிர்வாகத்தையே மாநில அரசு தன் கையில் எடுத்துக்கொள்ள வேண்டியதாயிற்று.

சிங்கப்பூர் இந்தத் தொழிலுக்கு வேலி போட்டுக்கொண்டுதான் இறங்கியது. பல்லாண்டுக் காலம் மறுத்துவந்த அரசு, 2005 ஏப்ரலில் சம்மதித்தது. எதிர்ப்பு கடுமையாக இருந்ததை அன்றைய பிரதமர் லீ சியன் லூங் நாடாளுமன்றத்தில் மறைக்கவில்லை. 2010-ல் மரினா பே சாண்ட்ஸும் ரிசார்ட்ஸ் வோர்ல்ட் செந்தோசாவும் திறந்தன. சூதாட்டக்கூடத்துக்குள் ஏடிஎம் வைக்கக்கூடாது. உள்ளூர்க்காரருக்குக் கடன் கொடுக்கக்கூடாது. ஒரு லட்சம் வெள்ளி வைப்பு வைக்கும் பெரும் பணக்காரருக்கு மட்டும் விலக்கு. அரசின் நிதியுதவியில் வாழ்பவரும் திவாலானவரும் உள்ளே நுழையவே முடியாது. கணவனுக்கோ மகனுக்கோ தடை கேட்டுக் குடும்பத்தார் மனுக் கொடுக்கலாம். நுழைவுக் கட்டணம் கூடத்தின் கல்லாவுக்குப் போகாமல், பொது நலப் பணிகளுக்காக அரசின் டோட் வாரியத்துக்குப் போகிறது. திறந்த ஆண்டிலேயே குடியிருப்புப் பேட்டைகளிலிருந்து இலவச பஸ்கள் ஆட்களை ஏற்றிவர ஆரம்பித்தபோது, அரசு தலையிட்டு அவற்றை நிறுத்தியது.

இந்தக் கண்டிப்புக்குப் பலன் தெரிகிறது. இரண்டு தளங்களும் சேர்ந்து 20,000 பேர் அளவுக்கு வேலை தருகின்றன. பிரச்சினைக்குரிய சூதாட்டப் பழக்கம் உள்ளவர்கள் 2011-ல் 2.6 விழுக்காடு, 2014-ல் 0.7 விழுக்காடு. அதன் பிறகும் ஒரு விழுக்காட்டை ஒட்டியே இருக்கிறது. நான்கு இலக்க லாட்டரியும் குதிரைப் பந்தயமும் ஏற்கெனவே ஊறிப்போன நாட்டில் இது சாதாரண விஷயமல்ல. வேலியில்லாமல் கூடம் திறக்க நினைக்கும் எந்த அரசும் இதைப் படிக்கவேண்டும்.

ஆனால் அந்தக் கணக்கெடுப்பு குடிமக்களையும் நிரந்தரவாசிகளையும் மட்டுமே எண்ணுகிறது. அதே ஊரில் கட்டடம் கட்டுகிற, கப்பல் பழுதுபார்க்கிற, டார்மிட்டரியில் தங்கி வேலை செய்கிற லட்சக்கணக்கானவர்கள் அந்த எண்ணில் இல்லை. புதுக்கோட்டையிலிருந்தும் சிவகங்கையிலிருந்தும் போனவர்கள் அவர்களில் உண்டு. ஏஜென்ட்டுக்குக் கட்ட வாங்கிய கடனுக்கு ஊரில் வட்டி ஏறிக்கொண்டிருக்கும். சம்பளம் வந்த ஞாயிற்றுக்கிழமை, தேக்கா பகுதியில் ரூம்மேட்டுகளோடு சாப்பிட்டுவிட்டு எம்ஆர்டி ரயில் ஏறினால் மரினா பே கொஞ்ச தூரம்தான். குளிரூட்டிய கூடம், கட்டணமில்லாத வாசல், சில்லறைக் காசிலிருந்தே ஆடக்கூடிய இயந்திரங்கள். ஒரே இரவில் கடனை அடைத்துவிடலாம் என்ற எண்ணம் வர வேறென்ன வேண்டும்?

அவர் தோற்கும் பணத்தைச் சிங்கப்பூரின் கணக்கு 'வெளிநாட்டவர் செலவு' என்று எடுத்துக்கொள்ளும். உண்மையில் அது ஆலங்குடிப் பக்கத்து ஒரு வீட்டின் மாதாந்தரப் பணம். ஏன் இந்த மாதம் அனுப்பவில்லை என்று மனைவி கேட்டால், ஓவர்டைம் இல்லை என்ற பதில் வரும். 150 வெள்ளி என்பது அந்த ஊழியரின் பல நாள் கூலி. குடிமகனைத் தடுத்து நிறுத்தும் அந்தத் தொகை, குடிமகனைவிடக் குறைவாகச் சம்பாதிக்கும் இவரை மட்டும் ஏன் தடுக்கக்கூடாது? சுற்றுலாப் பயணியிடம் கட்டணம் வாங்காததற்குக் காரணம் புரிகிறது. ஆனால் பல வருடம் அங்கேயே உழைப்பவர் சுற்றுலாப் பயணி அல்ல. வேலை பெர்மிட் வைத்திருப்பவரையும் உள்ளூர் வரிசையில் நிறுத்தவேண்டும் என்பதே என் எண்ணம்.

அதுவரை ஒரு வழி உண்டு. சூதாட்டக்கூடத்துக்குள் தன்னை விடவேண்டாம் என்று தானே தடை வாங்கிக்கொள்ளும் முறை வெளிநாட்டு ஊழியர்களுக்கும் திறந்தே இருக்கிறது. பிரச்சினைச் சூதாட்டத்துக்கான தேசிய மன்றத்தில் விண்ணப்பிக்கவேண்டும். தடை வாங்கியவர் மனம் மாறினாலும் குறைந்தது ஓர் ஆண்டுக்கு அதை விலக்கிக்கொள்ள முடியாது. ஏற்கெனவே அப்படித் தடை வாங்கியவர்களில் கணிசமானவர்கள் இந்த ஊழியர்கள்தான். உதவி எண் 1800-6-668-668. கணவரோ தம்பியோ சிங்கப்பூரில் இருப்பவர்கள் இந்த எண்ணை அவருக்கு இன்றே அனுப்பிவைக்கலாம்.