எஸ்.எஸ்.டி.யில் இடம் விட்டு வைப்போம்
எங்கள் பள்ளிக் கணினி ஆய்வகத்தை நான் கவனித்து வருகிறேன். எஸ்.எஸ்.டி.யில் சுழலும் தட்டு கிடையாது. தகவல்கள் சில்லுகளில் பதிகின்றன. எழுதிய இடத்தின் மேலேயே மறுபடி எழுத முடியாது. ஒரு தொகுதியை முழுவதும் அழித்த பிறகே புதிதாக எழுதலாம். காலியிடம் குறைந்தால் இந்த வேலை கூடிக் கணினி மந்தமாகும். எனவே 256 ஜிபியில் 40 ஜிபியாவது காலியாக வைக்கிறேன். பழைய காணொலிகளை வெளி வன்தட்டுக்கு மாற்றுகிறேன்.

அழித்த கோப்புகளின் இடம் இனித் தேவையில்லை என்று எஸ்.எஸ்.டி.க்குத் தெரிவிப்பது விண்டோஸிலுள்ள 'ட்ரிம்' வசதி. அது இயங்குகிறதா என்று பருவத்துக்கு ஒருமுறை பார்க்கிறேன். வன்தட்டுக்கான 'டீஃப்ராக்' இதற்கு வேண்டாம், தேய்மானமே கூடும்.

ஒன்றை மறக்க வேண்டாம்: ட்ரிம் நடந்தபின், அழித்த கோப்பை மீட்பது மிக அரிது. மாணவர் மதிப்பெண் பட்டியலுக்கு வேறிடத்தில் ஒரு நகல் இருக்கட்டும்.