குடிநோய்க்குச் சிகிச்சை தெருவுக்கு வர வேண்டும்

வேலூரை ஒட்டிய பாகாயத்தில் சிஎம்சி மருத்துவமனையின் மனநல மையம் இருக்கிறது. உள்நோயாளியோடு வீட்டார் ஒருவரும் தங்குவது அங்கே பல பத்தாண்டுப் பழக்கம். குடிநோய்க்கு இது மிகவும் வேண்டியது. நீண்ட நாள் குடித்தவர் திடீரென நிறுத்தினால் கை நடுங்கும், வலிப்பு வரலாம், இரண்டு மூன்று நாளில் நினைவு தடுமாறி உயிருக்கே ஆபத்தாகலாம். அந்த நாட்களில் பக்கத்தில் இருந்து பார்க்கும் மனைவியோ தாயோ நோயைப் புரிந்துகொண்டுதான் வீடு திரும்புவார்.

புரியாத வீடுகளில் வேறு கதை. "அவருக்கே தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுங்கள்" என்று விற்கப்படும் மருந்துகளை நம்புகிறார்கள். டைசல்ஃபிரம் என்ற மாத்திரையை அப்படிக் கலப்பது கொடிய தவறு. சாராயம் உடலில் முதலில் அசிட்டால்டிஹைடு என்ற நச்சாக மாறும். அதைச் சிதைக்கும் நொதியை இம்மாத்திரை தடுத்துவிடும். விஷயம் தெரியாதவர் அதன் மேல் குடித்தால் நெஞ்சு படபடக்கும், ரத்த அழுத்தம் சரியும், சாவும் நேரலாம். நோயாளி அறிந்து, சம்மதித்து, மருத்துவர் கண்காணிப்பில் எடுக்க வேண்டிய மருந்து அது.

ஆனால் ஆம்பூர் ஷூ கம்பெனியிலோ ராணிப்பேட்டைத் தோல் ஷெட்டிலோ வேலை செய்யும் குடும்பத்தில் இருவர் வாரக்கணக்கில் மருத்துவமனையில் தங்கினால் இரண்டு கூலி போகும். 2019-இல் வெளியான தேசியக் கணக்கெடுப்பின்படி, குடிக்கு அடிமையானவர்களில் 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதேனும் சிகிச்சை கிடைத்திருக்கிறது. மனம் கொதிக்க வைக்கும் எண் இது.

வழி இருக்கிறது என்று காட்டியது கோவாவில் நடந்த ஆய்வு. அபிஜித் நட்கர்ணி, விக்ரம் படேல் குழுவினர் 10 ஆரம்ப சுகாதார நிலையங்களில், ஆபத்தான அளவில் குடித்தாலும் அடிமையாகும் கட்டத்தை எட்டாத 377 ஆண்களை எடுத்துக்கொண்டார்கள். பேசியவர்கள் மருத்துவர்கள் அல்லர், பயிற்சி பெற்ற சாதாரண உள்ளூர்க்காரர்கள். அதிகம் போனால் நான்கு சந்திப்புகள். மூன்று மாதத்தில், ஆலோசனை பெற்றவர்களில் 36 சதவீதம் பேர் ஆபத்தான குடியிலிருந்து மீண்டிருந்தார்கள். மற்றவர்களில் 26 சதவீதம். 2017-இல் லான்செட் இதழில் இது வந்தது.

தமிழ்நாட்டில் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021 முதல் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளைப் பெண் தன்னார்வலர்கள் மூலம் வீட்டுக்கே கொண்டுபோகிறது. அவர்களுக்குக் குடியைப் பற்றிக் கேட்கவும் பேசவும் பயிற்சி தரலாம். அடிமைநிலைக்குப் போனவர்களுக்கு, 2023-இல் உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் ஏறிய நால்ட்ரெக்ஸோன், அகாம்ப்ரோசேட் இரண்டும் ஊர்ப்புற அரசு மருத்துவமனைகளில் கிடைக்க வேண்டும். மது, போதையால் வரும் மனநோய்க்கும் சிகிச்சை உரிமை என்று 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டம் ஏற்கெனவே சொல்லிவிட்டது. டாஸ்மாக் கடை வைத்து விற்கும் அரசுக்கு இந்தக் கடமை இருமடங்கு.