காக்ளியாவை அடையும் வழிகள்: குழந்தைகளுக்கான செவி அறுவை சிகிச்சை

சுபாங் ஜெயா போன்ற நகரங்களின் பள்ளிகளில், காதின் பின்புறம் ஒரு சிறு கருவியும், அதனோடு மெல்லிய கம்பியால் இணைந்து தலையில் காந்தத்தால் ஒட்டியிருக்கும் வட்டவில்லையும் அணிந்த குழந்தைகளை நாம் காண நேரலாம். அது வழக்கமான காது கேட்கும் கருவி அன்று. காக்ளியர் உள்வைப்புக் கருவியின் வெளிப்பகுதி. மறுபகுதி தோலுக்கு அடியில் இருக்கிறது. அதனை அங்கே வைக்க மருத்துவர் எவ்வழியாகச் செல்கிறார் என்பதே இக்கட்டுரையின் பொருள். 'பிள்ளையின் தலையில் துளையிடுவார்களாமே' என்று அஞ்சிக் காலந்தாழ்த்தும் பெற்றோருக்கு விடைகூற வேண்டியவர்களுள் ஆசிரியரும் ஒருவர்.

உட்செவியிலுள்ள காக்ளியா, நத்தை ஓட்டைப்போல் ஏறத்தாழ இரண்டரைச் சுற்றுச் சுருண்ட உறுப்பு. அதிலுள்ள மயிர்ச்செல்களே ஒலி அதிர்வை நரம்புத் துடிப்பாக மாற்றுகின்றன. அவை பெரிதும் பழுதுபட்டால், ஒலியைப் பெருக்கிக் கொடுப்பதால் போதிய பயன் இல்லை. உள்வைப்புக் கருவியோ அச்செல்களைத் தவிர்த்து, மின்முனைகள் வழியாகச் செவி நரம்பையே தூண்டுகிறது. 1957இல் பாரிசில் ஜுர்னோவும் ஐரியேயும் செய்த முயற்சி, 1961இல் அமெரிக்காவில் வில்லியம் ஹவுஸ் செய்த அறுவை, 1978இல் மெல்பர்னில் கிரேம் கிளார்க் பொருத்திய பல்தடக் கருவி ஆகியவை இத்துறையின் படிக்கற்கள். மலேசியாவில் 1995இல் மலேசியத் தேசியப் பல்கலைக்கழகம் இச்சிகிச்சையைத் தொடங்கியது.

இனி, வழிகளைக் காண்போம். மிகப் பரவலாகக் கையாளப்படுவது காதின் பின்னெலும்பு வழியாகும். காதுமடலின் பின்னே தோலைக் கீறி, மாஸ்டாய்டு எனப்படும் எலும்பை நுண்ணோக்கியின் துணையுடன் குடைந்து, நடுச்செவிக்குள் சிறு வாயில் ஒன்றைத் திறப்பர். அவ்வாயிலின் ஒருபுறம் முக நரம்பு. மறுபுறம் நாவின் சுவையுணர்வைக் கடத்தும் நரம்பு. மேலே பட்டை எலும்பின் தாங்கல். இடைவெளி சில மில்லிமீட்டரே. முக நரம்பு காயமுற்றால் முகத்தின் ஒருபக்கம் செயலிழக்கக்கூடும். ஆதலால், அதன் நிலையை அறுவையின்போதே கருவிகொண்டு கண்காணிப்பர். இத்துணை இடர் இருந்தும் இவ்வழி விரும்பப்படுவதற்குக் காரணம் உண்டு: காக்ளியாவின் வட்டச் சாளரம் நன்கு தெரிகிறது, மின்முனையும் அதன் முதற்சுற்றின் போக்கிலேயே நுழைகிறது.

இரண்டாவது, செவிக்குழாயின் மேற்புற வழி. இதில் மாஸ்டாய்டைக் குடைவதில்லை. குழாய்க்கு மேலே சிறு சுரங்கம் அமைப்பர். முக நரம்புக்கு இடர் குறைவு. எனினும், மின்முனை நுழையும் கோணம் அத்துணை இசைவானதன்று. மூளையுறைக்கு அடியிலுள்ள எலும்புத்தட்டு தாழ்ந்திருந்தால் இவ்வழி கடினமாகும். மூன்றாவது, கிரேக்க நாட்டு வெரியா நகரின் பெயரால் வழங்கும் முறை. இதில் செவிக்குழாய் வழியே நடுச்செவியைத் திறந்து, குழாயின் பின்சுவரில் மின்முனைக்கான சுரங்கத்தைத் துளைப்பர். எல்லாக் குழந்தைக்கும் ஒரே வழி பொருந்தாது; எலும்பின் அமைப்பைச் சி.டி., எம்.ஆர்.ஐ. படங்களில் கண்ட பின்னரே மருத்துவர் முடிவெடுப்பர். செவி நரம்பே இல்லாத குழந்தைக்கு இக்கருவி பயன் தராது என்பதும் அப்படங்களால் புலப்படும்.

காக்ளியா பிறக்கும்போதே முழு அளவில் அமைந்திருக்கிறது என்பது வியப்புக்குரிய செய்தி. எனவே, ஓராண்டுக் குழந்தைக்கும் மின்முனை பொருந்தும். ஆனால் மண்டையோடு வளரும். அதற்கு இடந்தந்து கம்பியைச் சற்றுத் தளர்வாக விடுவர். சிறு குழந்தைகளின் மாஸ்டாய்டு நுனி முழுமையாக வளர்ந்திராததால், முக நரம்பு தோலுக்கு அருகிலேயே வெளிப்படும். ஆகவே கீறலைக் கீழ்நோக்கி நீட்டுவதில்லை. உடலில் குருதி குறைவாதலால் சிறு இழப்பும் பொருட்படுத்தத்தக்கது. மூளையுறை அழற்சியைத் தவிர்க்கத் தடுப்பூசியும் இன்றியமையாதது.

அறுவை முடிந்தவுடன் குழந்தை கேட்பதில்லை. சில வாரங்கள் கழித்தே கருவி இயக்கப்படும். அதன்பின் மொழி கற்பிக்கும் பணி நம்முடையது. இக்கருவி ஒலியின் கால அளவை நன்கு உணர்த்தும். நுண்ணிய ஒலிவேறுபாடுகளை அத்துணை தெளிவாக உணர்த்தாது. ஆதலால் 'பல்', 'பால்' என்பவற்றைப் பிரித்தறிவது எளிது. 'வலி', 'வளி', 'வழி' என்பவற்றுக்குப் பயிற்சி வேண்டும். பிறவியிலேயே செவித்திறன் குன்றிய குழந்தைக்கு மொழி வேரூன்றும் பருவம் முதல் சில ஆண்டுகளே. அறுவை செய்துகொண்ட குழந்தைக்காகத் தாய்மொழியைக் கைவிடவேண்டியதில்லை. பெற்றோர் சரளமாகப் பேசும் மொழியே அக்குழந்தைக்கு வளமான மொழிச்சூழல். வகுப்பில் அக்குழந்தையை முன்வரிசையில் அமர்த்துவோம், முகம் நோக்கிப் பேசுவோம், இரைச்சலைக் குறைப்போம். மருத்துவர் திறந்த வழியில் தமிழ் சென்றடைவது இனி நம் கையில் இருக்கிறது.