பிராணவாயுப் பஞ்சமும் புற்றுநோய் உயிரணுவின் நகர்ச்சியும்

புற்றுநோயில் பெரும்பாலும் உயிரைப் பறிப்பவை, முதற்கட்டியிலிருந்து நகர்ந்து பிற உறுப்புகளிற் குடியேறும் உயிரணுக்களேயாம். அவை நகர்வதேன்? காற்றில் 21 சதவிகிதம் பிராணவாயு உண்டு. ஆராய்ச்சிக்கூடத்தில் அதனை 1 சதவிகிதமாகக் குறைத்தால், பலவகைப் புற்றுநோய் உயிரணுக்கள் மிகுதியாக ஊர்ந்து செல்கின்றன. முன்விளிம்பை நீட்டித் தளத்தைப் பற்றிப் பின்பகுதியை இழுத்துக்கொள்வதே அவற்றின் நடை. இக்குறைவை உயிரணு உணரும் முறையை விளக்கிய மூவர் 2019-இல் நோபல் பரிசு பெற்றனர். வளரும் கட்டியின் நடுவிலும் இத்தகைய பஞ்சமே நிலவுகிறது. ஆதலால் காலதாமதம் ஆபத்தானது.

திருப்பதியில் 2022-இல் ஸ்ரீ வேங்கடேசுவரர் புற்றுநோய்ச் சிகிச்சை நிலையம் திறக்கப்பட்டது. சித்தூர்க் கிராமங்களில் ஆறாத வாய்ப்புண்ணையோ வலியற்ற மார்புக்கட்டியையோ காணும் ஊழியரும் ஆசிரியரும், அன்னாரை உடனே மருத்துவரிடம் அனுப்புதல் இன்றியமையாததாகும்.