சுடுகாட்டு மல்லி... பிள்ளைகளின் உயிர் காக்கும் பூ!

காரைக்கால் மணலில் தானாக முளைக்கும் நித்திய கல்யாணி, உலகம் முழுக்க ரத்தப் புற்றுநோய் வார்டுகளில் மருந்தாக ஏறிக்கொண்டிருக்கிறது. ஆனால், அதே செடியைக் கஷாயம் வைத்துக் குடித்தால்?

காரைக்கால் கடற்கரையை ஒட்டிய தெருக்களில் நடந்தால், யாரும் நட்டு வளர்க்காத ஒரு செடி அடிக்கடி கண்ணில் படும். காம்பவுண்டு சுவர் ஓரம், இடிந்த வீட்டின் திண்ணை, உப்புக்காற்று அடிக்கும் மணல் மேடு என்று எங்கும் முளைக்கும். ஐந்து இதழ்கள், ரோஸ் நிறத்தில் ஒன்று, வெள்ளையில் ஒன்று, வெள்ளைக்கு நடுவே சிவப்புப் பொட்டு வைத்ததுபோல இன்னொன்று. வெயில் கொளுத்தும் சித்திரையிலும் பூக்கும். மழை கொட்டும் ஐப்பசியிலும் பூக்கும். தண்ணீர் ஊற்ற ஆள் வேண்டாம். கசப்பு தாங்காமல் ஆடுகூட வாய் வைக்காது.

வருஷம் முழுக்கப் பூப்பதால் நித்திய கல்யாணி. இடுகாட்டு மண்ணிலும் செழித்து வளர்வதால் சுடுகாட்டு மல்லி. இலங்கைத் தமிழர்களுக்கு இது பட்டிப்பூ. புதுச்சேரி யூனியன் பிரதேசத்தின் இன்னொரு மூலையான மாஹேயில் மலையாளம் பேசுபவர்கள் 'சவம்நாறி' என்று இன்னும் பச்சையாகவே சொல்வார்கள். மங்கலமும் மயானமும் ஒரே செடிக்குப் பெயரானது விநோதம்தான். காரைக்கால்காரர்களுக்கு அது பெரிய ஆச்சர்யமாக இருக்காது. ஆனிப் பௌர்ணமியில் மாங்கனித் திருவிழா எடுத்து அவர்கள் கொண்டாடும் அம்மையார், அழகை உதறிப் பேயுருவம் வேண்டிப் பெற்று, திருவாலங்காட்டு மயானத்தில் ஈசனைப் பாடியவர் ஆயிற்றே!

மடகாஸ்கரில் இருந்து வந்த விருந்தாளி

இவ்வளவு நம்ம ஊர்ச் செடியாகத் தெரிந்தாலும், இதன் பூர்வீகம் ஆப்பிரிக்காவை அடுத்துள்ள மடகாஸ்கர் தீவு. அழகுச் செடியாகக் கப்பலேறி உலகம் சுற்றியது. 18-ம் நூற்றாண்டின் நடுவில் பாரிஸ் அரச தோட்டத்தில் இருந்து இதன் விதைகள் லண்டனின் செல்சி தோட்டத்துக்குப் போயின. 1759-ல் லின்னேயஸ் இதற்கு 'வின்கா ரோசியா' என்று பெயர் வைத்தார். இன்றைய தாவரவியல் பெயர் 'கேத்தரான்தஸ் ரோசியஸ்'.

போன இடமெல்லாம் செடி வேரூன்றியது. கூடவே ஒரு நம்பிக்கையும் பரவியது: 'இதன் இலையைக் கொதிக்கவைத்துக் குடித்தால் சர்க்கரை நோய் கட்டுப்படும்.' ஜமைக்காவிலும் பிலிப்பைன்ஸிலும் அப்படிக் குடித்தார்கள். நம் ஊரில் இன்றும் காலையில் நான்கு பூவைப் பறித்து வெறும் வயிற்றில் மெல்பவர்கள் இருக்கிறார்கள். அந்த நம்பிக்கைதான் விஞ்ஞானிகளை இந்தச் செடியிடம் அழைத்து வந்தது. ஆனால், அவர்கள் கண்டுபிடித்தது வேறொன்றை.

தபாலில் வந்த 25 இலைகள்

1952. கனடாவின் டொரன்டோ நகரில் வசித்த மருத்துவர் கிளார்க் நோபிளுக்கு ஜமைக்காவில் இருந்து ஓர் உறை வந்தது. உள்ளே 25 நித்திய கல்யாணி இலைகள். 'இங்கே சர்க்கரைக்கு இதை டீ போட்டுக் குடிக்கிறார்கள், பரிசோதித்துப் பாருங்கள்' என்ற வேண்டுகோளோடு வந்த அந்த உறையை, வெஸ்டர்ன் ஒன்டாரியோ பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சியாளராக இருந்த தன் தம்பி ராபர்ட் நோபிளுக்கு அனுப்பிவைத்தார் கிளார்க்.

இலைச் சாற்றை எலிகளுக்கு வாய் வழியாகக் கொடுத்துப் பார்த்தார் ராபர்ட். ரத்தச் சர்க்கரை அசையவே இல்லை. ஊசியாகப் போட்டார். எலிகள் சில நாள்களில் தொற்று ஏற்பட்டு இறந்தன. ஏன் என்று ஆராய்ந்தபோது, அவற்றின் ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் சரிந்திருந்தன. எலும்பு மஜ்ஜை பாதிக்கப்பட்டிருந்தது.

வேறு யாராவது இருந்தால், 'விஷச்செடி' என்று குப்பையில் போட்டிருப்பார்கள். நோபிள் அதைத் திருப்பிப் போட்டு யோசித்தார். ரத்தப் புற்றுநோய் என்பதே வெள்ளை அணுக்கள் கட்டுக்கடங்காமல் பெருகும் நோய். வெள்ளை அணுக்களைக் குறைக்கும் பொருள் இந்த இலையில் இருக்கிறது என்றால்..?

வேதியியலாளர் சார்லஸ் பீர் அவரோடு சேர்ந்தார். அந்தப் பொருளைப் பிரித்தெடுத்து 1958-ல் உலகத்துக்கு அறிவித்தார்கள். அதுதான் வின்பிளாஸ்டைன். அதே காலத்தில் அமெரிக்காவின் எலி லில்லி நிறுவனத்தில் கோர்டன் ஸ்வோபோடாவின் குழுவும் இந்தச் செடியை ஆராய்ந்துகொண்டிருந்தது. அவர்கள் பிரித்தெடுத்த இன்னொரு பொருள் வின்கிரிஸ்டைன். 1963-ல் அதற்கு அமெரிக்க அரசின் அனுமதி கிடைத்தது.

சர்க்கரைக்கான மாத்திரையும் ஒரு செடியின் வழியாகத்தான் வந்தது. ஆனால் அது வேறு செடி. இன்று கோடிக்கணக்கானவர்கள் விழுங்கும் மெட்ஃபார்மின், ஐரோப்பாவின் 'கலேகா' என்ற செடியில் இருந்த ஒரு பொருளைப் பின்தொடர்ந்து போனதில் உருவானது. நாட்டு வைத்தியம் காட்டிய திசை பயனுள்ளது. எந்தச் செடி, எந்த நோய்க்கு, எவ்வளவு என்பதைச் சோதித்த பிறகே அது மருந்தாகிறது.

கயிற்றை அறுக்கும் வித்தை

உடலில் ஓர் அணு இரண்டாகப் பிரியும்போது, உள்ளே மெல்லிய இழைகள் உருவாகி, மரபுப் பொருளை இரு பக்கமும் சமமாக இழுத்துக் கொடுக்கும். வின்கிரிஸ்டைன் அந்த இழைகள் உருவாகாமல் தடுத்துவிடும். கயிறு இல்லாமல் தேர் எப்படி நகரும்? பிரிய முடியாமல் அணு இறந்துபோகும். வேகமாகப் பெருகுவது புற்றுநோய் அணுக்கள் என்பதால் அடி அவற்றின் மேல்தான் அதிகம் விழும்.

1960-களின் தொடக்கத்தில், குழந்தைகளுக்கு வரும் ஏ.எல்.எல் வகை ரத்தப் புற்றுநோயில் பத்தில் ஒரு குழந்தை பிழைப்பதே அரிது. இன்று வசதியான நாடுகளில் பத்தில் ஒன்பது குழந்தைகள் பிழைக்கிறார்கள். வின்கிரிஸ்டைன் மட்டுமே இதைச் சாதிக்கவில்லை. பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் கூட்டுச் சிகிச்சை சாதித்தது. அந்தக் கூட்டணியில் தொடக்கம் முதல் இன்றுவரை விலகாத உறுப்பினர் இந்தச் செடியின் மருந்து. 1980-களில் சென்னை அடையாறு புற்றுநோய் மையம், மும்பை டாடா மருத்துவமனை, டெல்லி எய்ம்ஸ் மூன்றும் சேர்ந்து பின்பற்றிய 'எம்.சி.பி-841' சிகிச்சை முறையிலும் அது இருந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் வின்கிரிஸ்டைன், வின்பிளாஸ்டைன் இரண்டும் உள்ளன.

நான்கு கிலோ இலை, ஒரு ஊசி

இந்த மருந்து எளிதில் கிடைப்பதில்லை. ஒரு கிராம் வின்பிளாஸ்டைன் எடுக்க சுமார் 500 கிலோ காய்ந்த இலை வேண்டும். ஒரு கிராம் வின்கிரிஸ்டைனுக்கு 2,000 கிலோ! ஒரு தடவைக்கு ஏற்றும் அளவு பெரும்பாலும் 2 மில்லிகிராமைத் தாண்டாது. அந்தத் துளிக்கே நான்கு கிலோ காய்ந்த இலை தேவை என்று கணக்கு வருகிறது.

தூத்துக்குடி, விருதுநகர், திருநெல்வேலிப் பக்கத்து மானாவாரி நிலங்களில் நித்திய கல்யாணியைப் பயிராகவே போடுகிறார்கள். இலை புற்றுநோய் மருந்துக்குப் போகும். வேரில் இருக்கும் அஜ்மலிசின் ரத்த ஓட்டம், ரத்த அழுத்தம் தொடர்பான மருந்துகளுக்குப் போகும். 1980-களில் புனே தேசிய வேதியியல் ஆய்வகத்துடன் சேர்ந்து சிப்லா நிறுவனம் இந்த மருந்துகளை இந்தியாவிலேயே தயாரிக்கும் வழியைக் கண்டது.

2019-ல் ஒரு நிறுவனம் உற்பத்தியை நிறுத்தியதும் அமெரிக்காவிலேயே வின்கிரிஸ்டைனுக்குத் தட்டுப்பாடு வந்து, குழந்தைகளின் பெற்றோர் பதறினார்கள். 2022-ல் டென்மார்க் விஞ்ஞானிகள் தலைமையிலான குழு, இந்தச் செடியின் மரபணுக்களை ஈஸ்ட்டுக்குள் வைத்து வின்பிளாஸ்டைனுக்கான மூலப்பொருள்களைத் தயாரித்துக் காட்டியது. ஆய்வகத்தில் வென்ற அந்த வழி தொழிற்சாலை அளவுக்கு வளர்ந்தால், இலைகளை மட்டுமே நம்பியிருக்க வேண்டியதில்லை.

வீட்டுக் கஷாயம் ஏன் கூடாது?

இங்கேதான் காரைக்கால் குடும்பங்கள், ஏன் எல்லாக் குடும்பங்களுமே கவனிக்க வேண்டிய இடம் வருகிறது.

பிள்ளைக்கு ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்த வீட்டை நினைத்துப் பாருங்கள். காரைக்காலில் இருந்து புதுச்சேரி ஜிப்மர் புற்றுநோய் மையம் சுமார் 130 கிலோமீட்டர். தரங்கம்பாடி, சீர்காழி, சிதம்பரம், கடலூர் எனத் தமிழ்நாட்டைக் கடந்துதான் போக வேண்டும். சிகிச்சை இரண்டு, மூன்று வருடங்கள் நீளும். முடி கொட்டும், பிள்ளை சோறு ஒதுக்கும், அப்பாவின் கூலி போகும். அப்போது வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வரும்: 'கேன்சர் மருந்தே உங்க வாசல்ல இருக்கு, நித்திய கல்யாணியைக் கஷாயம் வெச்சுக் குடிங்க!' பாதி உண்மை என்பதால்தான் அது ஆபத்தானது.

செடியில் நூற்றுக்கும் மேற்பட்ட ஆல்கலாய்டுகள் இருக்கின்றன. கஷாயத்தில் எது எவ்வளவு இறங்கியது என்று யாராலும் சொல்ல முடியாது. நோபிளின் எலிகளிலேயே வாய் வழியாகக் கொடுத்த சாறு பலன் தரவில்லை. அதே நேரம், இந்தச் செடியை மருந்தாகச் சாப்பிட்டு எலும்பு மஜ்ஜை கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்கள் பற்றி மருத்துவ இதழ்களில் பதிவு இருக்கிறது. நோயைத் தீர்க்கும் அளவுக்குப் போதாமலும், உடம்பைக் கெடுக்கும் அளவுக்குப் போதுமானதாகவும் அது இருக்கக்கூடும்.

மருத்துவமனையிலேயே இந்த மருந்தை எவ்வளவு பயபக்தியோடு கையாள்கிறார்கள் தெரியுமா? குழந்தையின் உயரம், எடையை வைத்து அளவு கணக்கிடுவார்கள். ரத்தக் குழாய் வழியாக மட்டுமே ஏற்றுவார்கள். தவறிப்போய் முதுகுத்தண்டு நீரில் ஏறினால் உயிரே போய்விடும். அந்தத் தவறு நடக்காமல் இருக்க, சிரிஞ்சில் வைக்காமல் சிறு பையில் கலந்து டிரிப்பாக ஏற்றச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். சரியான அளவில் கொடுத்தாலும் மலச்சிக்கல், கை கால் மரத்துப்போவது, நடை தளர்வது போன்றவை வரலாம். மருத்துவர் அதைப் பார்த்து அளவை மாற்றுவார். அடுப்படியில் இதற்கெல்லாம் வழியில்லை.

இன்னொன்றும் உண்டு. வின்கிரிஸ்டைனைச் சிதைத்து வெளியேற்றுவது கல்லீரல். சில பூஞ்சை மாத்திரைகளும் சில மூலிகைகளும் அந்த வேலையைக் கூட்டவோ குறைக்கவோ செய்யும். மருந்து உடம்பில் தேங்கினால் நரம்புக்கு ஆபத்து. சீக்கிரம் வெளியேறினால் பலன் குறையும். அதனால் சித்த மருந்தோ, நாட்டு மருந்தோ, பாட்டி கொடுக்கும் உருண்டையோ, எதுவானாலும் புற்றுநோய் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். திட்டுவார்களோ என்ற தயக்கத்தில் மறைப்பதுதான் பெரிய தவறு.

கவனத்தில் வையுங்கள்

* குழந்தைக்கு விட்டு விட்டு வரும் காய்ச்சல், வெளிறிய முகம், அடிபடாமலே நீலத் திட்டுகள், ஈறில் ரத்தம், எலும்பு வலி, கழுத்தில் கட்டி இருந்தால் ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள்.

* குணமானது போலத் தெரிந்தாலும் சிகிச்சையைப் பாதியில் நிறுத்தாதீர்கள். நோய் திரும்பி வர அது ஒரு முக்கியக் காரணம்.

* பணம், பயணம், தங்குமிடம் பிரச்னை என்றால் மருத்துவமனையின் சமூகப் பணியாளரிடம் கேளுங்கள். அரசுக் காப்பீடு, உதவித்திட்டங்களுக்கு வழி சொல்வார்கள்.

* நித்திய கல்யாணி இலை, பூ, வேர் எதையும் சுயமாக மருந்தாகச் சாப்பிட வேண்டாம். கர்ப்பிணிகள், குழந்தைகள், சர்க்கரை மாத்திரை எடுப்பவர்கள் கட்டாயம் தவிர்க்க வேண்டும்.

வாசலில் அந்தச் செடி இருந்தால் பிடுங்கிப் போட வேண்டியதில்லை. சாமி படத்துக்குப் பூ பறிக்கலாம். தொட்டியில் அழகுக்கு வைக்கலாம். ஜிப்மருக்குக் கிளம்பும் அதிகாலை பஸ்ஸுக்காக ஓர் அம்மா பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசல் தாண்டும்போது, அது சுவரோரம் பூத்து நிற்கும். பிள்ளைக்கு அது செய்ய வேண்டிய உதவி, 130 கிலோமீட்டர் தள்ளி, அளந்து கலந்த ஒரு சிறு பையில் காத்திருக்கிறது.