உண்பதை அறிந்து உண்போம்

நேற்றிரவு நாம் உண்டது யாது? இடியப்பம் என்றால், எத்தனை? சம்பலை இரண்டாம் முறையும் கேட்டு வாங்கினோமா? இவ்வினாக்களுக்குத் தயக்கமின்றி விடை கூறக்கூடியவர் எம்மிற் சிலரே. முந்தாநாள் உண்டதைக் கேட்டால் அச்சிலரும் மௌனமாகிவிடுவர்.

எமது நண்பர் ஒருவருக்கு இவ்வினா விளையாட்டாக வரவில்லை. ஐம்பது வயதைத் தாண்டிய அவருக்கு இரத்தத்திற் சீனியின் அளவு கூடியிருப்பதாகச் சென்ற ஆண்டு தெரியவந்தது. வைத்தியர் மருந்தை எழுதிக் கொடுத்ததோடு, ஒரு கிழமைக்கு உண்பவை யாவற்றையும் ஒரு கொப்பியில் எழுதிவருமாறும் பணித்தார். நண்பர் கந்தோரில் முப்பது ஆண்டுகள் கணக்கு எழுதியவர்; ஒரு சதத்தையும் தவறவிடாதவர். அத்தகையவர் இரவிலே கொப்பியை விரித்து வைத்துக்கொண்டு, மாலைத் தேநீரோடு தாம் தின்ற வடை இரண்டா, மூன்றா என அறியாது திகைத்தார். "ஊரார் காசுக்கெல்லாம் கணக்கு வைத்தேன், என் வாய்க்குக் கணக்கு வைக்கவில்லை" என்று அவர் எம்மிடம் கூறியபோது, நாமும் எம் நிலையை எண்ணிப் பார்த்தோம். எமக்கும் அக்கணக்குத் தெரியவில்லை.

இஃது அவர் ஒருவரது கதையன்று. இலங்கையின் ஏழு மாகாணங்களில் 2005 - 2006ஆம் ஆண்டுகளில் நடாத்தப்பெற்ற ஆய்வொன்று, வளர்ந்தோரிற் பத்துப்பேருக்கு ஒருவர் என்ற அளவில் நீரிழிவு பரவியிருந்ததைக் காட்டிற்று. அதன்பின் வந்த கணக்கெடுப்பு இதனிலும் கூடிய தொகையையே கூறுகின்றது. பரம்பரை, உடலுழைப்புக் குறைவு, உடற்பருமன் என்று இந்நோய்க்குக் காரணங்கள் பல. எதை உண்ணலாம், எதை உண்ணலாகாது என்ற அறிவுரைக்கு நாட்டிற் குறைவில்லை. ஆயின், எவ்வாறு உண்பது என்பதை நாம் அதிகம் பேசுவதில்லை. அதனையே இங்கு சிறிது நோக்குவோம்.

வயிறு அனுப்பும் செய்தி

"நொறுங்கத் தின்றால் நூறு வயது" என்று எமது பாட்டிமார் கூறுவர். நூறு வயதுக்கு உத்தரவாதம் அளிக்க எவராலும் இயலாது. எனினும், அம்மொழியின் உட்பொருளை இன்றைய உடலியல் மறுக்கவில்லை.

சோற்றை மெல்லும்போதே உமிழ்நீர் அதிலுள்ள மாப்பொருளைச் சிதைக்கத் தொடங்கிவிடுகின்றது. உணவின் மணமும் சுவையும் உணரப்பட்டவுடனேயே, உணவு வந்து சேருமுன்னரே, இரைப்பை தன் சாற்றைச் சுரக்கின்றது. ருஷ்ய விஞ்ஞானி பவ்லோவ் இதனை நாய்களைக் கொண்டு ஆராய்ந்து காட்டினார். சமிபாடு பற்றிய ஆராய்ச்சிகளுக்காக 1904ஆம் ஆண்டில் அவருக்கு நோபெல் பரிசு கிடைத்தது. ஆகவே, உணவைக் கண்டு, முகர்ந்து, சுவைத்து உண்பது வெறும் ஆடம்பரமன்று. சமிபாட்டின் முதற்படியே அதுதான்.

போதும் என்ற உணர்வு பிறக்கும் முறையும் அறியத்தக்கது. இரைப்பை விரிவடைந்த செய்தியை நரம்புகள் மூளைக்கு எடுத்துச் செல்கின்றன. உணவு சிறுகுடலை அடைந்தபின் அங்கிருந்து சில ஓமோன்கள் இரத்தத்திற் கலந்து அதே செய்தியை உறுதி செய்கின்றன. பசியைத் தூண்டும் ஓமோன் ஒன்றும் இரைப்பையில் உண்டு. கிரெலின் எனப்படும் அதனை ஜப்பானிய விஞ்ஞானிகள் 1999ஆம் ஆண்டிற் கண்டறிந்தனர். உணவு உட்சென்ற பின்னர் அதன் அளவு படிப்படியாகக் குறைகின்றது. இவையெல்லாம் நிகழ ஏறத்தாழ 20 நிமிடங்கள் செல்லும் என்பர். ஐந்து நிமிடத்திற் கோப்பையை வெறுமையாக்குபவர், செய்தி வந்து சேருமுன்னரே இரண்டாம் முறை சோறு போட்டுக்கொள்கிறார். அது பசியன்று, அவசரமே.

ஞாபகத்துக்கும் பசி உண்டு

வயிறு மாத்திரமன்றி ஞாபகமும் எமது உணவை அளக்கின்றது. ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த உளவியலாளர் போல் ரோசினும் அவருடைய தோழர்களும் 1998ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வொன்று இதற்குச் சான்று. மூளையில் ஏற்பட்ட சேதத்தால், சற்றுமுன் நடந்ததையும் மறந்துவிடும் நோயாளர் இருவருக்கு மதியபோசனம் அளிக்கப்பட்டது. அவர்கள் வயிறார உண்டபின், அரைமணி நேரத்துக்குள்ளாகவே மீண்டும் ஓர் உணவு வைக்கப்பட்டது. அவர்கள் அதனையும் உண்டனர். மூன்றாம் முறை வைத்தபோதும் பெரும்பாலும் மறுக்கவில்லை. ஞாபகம் குன்றாதவர்களோ இரண்டாம் உணவையே வேண்டாமென்றனர்.

இதனை வாசிக்கையில் அந்நோயாளர்மீது இரக்கம் பிறக்கின்றது. ஆயினும், ஒரு கையிற் கைத்தொலைபேசியும் மறுகையில் உணவுமாக அமர்ந்திருக்கும் நாம், எம்மையறியாமலே சிறிது நேரம் அந்நிலையைத் தேடிக்கொள்கிறோம் அல்லவா? கவனம் சிதறி உண்பவர் அவ்வேளையிற் கூடுதலாக உண்பதோடு, அதற்கடுத்த வேளையிலும் கூடுதலாக உண்கின்றனர் என்பதைப் பல பரிசோதனைகள் காட்டியுள்ளன. கண் வேறெங்கோ இருக்க வாய் மட்டும் உண்டதை மனம் உணவாகப் பதிந்துகொள்வதில்லை.

விரைவுக்கு ஏற்றவாறு ஆக்கப்பட்ட உணவும் இக்குற்றத்திற் பங்காளியே. அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்களில் நடாத்தப்பெற்று 2019ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்விலே, 20 பேர் நான்கு கிழமை வைத்தியசாலையிலேயே தங்க வைக்கப்பட்டனர். இரு கிழமை ஆலைகளில் மிகையாகப் பதப்படுத்திய உணவும், இரு கிழமை இயல்பான உணவும் வழங்கப்பட்டன. பரிமாறிய உணவுகளில் சீனி, கொழுப்பு, உப்பு ஆகியவை சமமாகவே இருந்தன. விரும்பிய அளவு உண்ணலாம் என்பதே ஏற்பாடு. பதப்படுத்திய உணவை உண்ட நாட்களில் அவர்கள் நாளொன்றுக்கு ஏறத்தாழ 500 கலோரி அதிகம் உண்டனர், வேகமாகவும் உண்டனர். மெல்ல வேண்டிய தேவையற்ற உணவு, எண்ண வேண்டிய நேரத்தையும் தருவதில்லை.

கோசல மன்னன் கதை

இது புத்தம்புதிய அறிவு என்று எவரும் எண்ணவேண்டா. உணவை ஆறுதலாக நோக்கி உண்ணும் பயிற்சியை மேனாட்டு வைத்தியத்துறையிற் பரப்பியவருள் ஜோன் கபாட்-சின் ஒருவர். 1979ஆம் ஆண்டில் மாசச்சூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் அவர் தொடக்கிய பயிற்சி வகுப்பிலே, ஓர் உலர்ந்த திராட்சைப்பழத்தைக் கையிலேந்திப் பார்த்து, முகர்ந்து, மெல்ல மென்று உண்ணுமாறு பழக்கினார்கள். அப்பயிற்சியின் வேர் பௌத்த தியான மரபில் உள்ளது. அம்மரபின் பாளி நூல்கள் எமது நாட்டில், மாத்தளைக்கு அண்மையிலுள்ள அலுவிகாரையிலே, கி. மு. முதலாம் நூற்றாண்டில் எழுத்துருப் பெற்றன என்பது வரலாற்று மரபு.

அந்நூல்களுள் ஒன்றான சங்யுத்த நிகாயத்தில் ஒரு சிறுகதை உண்டு. கோசல நாட்டு மன்னன் பசேநதி பெரும் அளவு சோற்றை உண்டுவிட்டு, மூச்சு வாங்கியவனாய்ப் புத்தரைக் காணச் சென்றான். அவனது நிலையைக் கண்ட புத்தர், அளவறிந்து உண்பவனுக்குத் துன்பம் குறையும் என்ற கருத்துடைய செய்யுள் ஒன்றைக் கூறினார். மன்னன் அருகே நின்ற சுதஸ்ஸனன் என்னும் இளைஞனிடம், அதனை மனனம் செய்து தான் உண்ணும் வேளைதோறும் ஓதுமாறு பணித்தான். அதற்கு நாள்தோறும் நூறு காசு கூலியும் பேசினான். காலப்போக்கில் மன்னனின் உணவு ஒரு நாழியரிசிச் சோறாகக் குறைந்தது, உடலும் இலேசாயிற்று.

இக்கதையில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. புத்தர் மன்னனைப் பட்டினி கிடக்கச் சொல்லவில்லை. எந்த உணவையும் விலக்கவுமில்லை. உண்ணும் வேளையில் ஒரு நினைவூட்டல் இருந்தது, அவ்வளவே. எமக்கு நூறு காசு கொடுத்து ஆள் வைக்க இயலாது. ஆயினும், உணவு மேசையில் ஒருவருக்கொருவர் சுதஸ்ஸனனாக இருக்கலாம்.

அடுக்களையில் நின்றபடி

எமது நண்பரின் கொப்பிக்குத் திரும்புவோம். மூன்றாம் நாள் அவர் தமது மனைவியிடம், "நீர் இன்று என்ன சாப்பிட்டீர்?" என்று கேட்டாராம். அம்மையாருக்கும் விடை தெரியவில்லை. பிள்ளைகள் மிச்சம் விட்ட பிட்டு, சட்டியின் அடியிற் கிடந்த கறி, வீணாகிவிடுமே என்று வாயிற் போட்ட பாண் துண்டு என்று, எல்லாருக்கும் பரிமாறிய பின் அடுக்களையில் நின்றபடியே அவர் உண்டவை பல. ஒரு நாளும் கோப்பையில் இட்டு அமர்ந்து உண்டதில்லை. வீட்டாருள் எவரும், அவர் உட்பட, அதனை ஓர் உணவாகவே கருதவில்லை.

இக்காட்சி எத்தனை வீடுகளில் உண்டு என்பதை வாசகர்களே அறிவர். 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியின்போது பல குடும்பங்கள் ஒரு வேளை உணவைச் சுருக்கின. அத்தகைய வேளைகளில் தன் பங்கை முதலிற் குறைப்பவள் தாய். பண்டம் நிறைந்த வேளைகளில் மிச்சத்தை உண்டு தீர்ப்பவளும் அவளே. இரண்டிலும் அவள் உடம்பைக் கேட்பாரில்லை. ஆதலின், அறிந்து உண்ணும் பழக்கத்தை ஒரு வீட்டில் தொடங்க விரும்புவோர், தாயை மேசைக்கு அழைப்பதிலிருந்தே தொடங்க வேண்டும்.

செய்யத்தக்கவை

பெருந் தவமொன்றும் வேண்டுவதில்லை. நாளொன்றில் ஒரு வேளையேனும் குடும்பத்தார் யாவரும் ஒன்றாக அமர்ந்து, தொலைக்காட்சியை நிறுத்தி, கைத்தொலைபேசிகளை வேறோர் அறையில் வைத்துவிட்டு உண்ணலாம். முதற் கவளத்தை வாயிலிடுமுன் கோப்பையை ஒரு கணம் நோக்கலாம். வாயிலுள்ளதை விழுங்கிய பின்னரே அடுத்த கவளத்தைப் பிசையலாம். இரண்டாம் முறை போட்டுக்கொள்ளுமுன் சிறிது பொறுத்து, "இன்னும் பசிக்கின்றதா?" என்று தம்மைத் தாமே கேட்கலாம். ஆடிப்பிறப்பன்று சுடச்சுடக் கூழைக் கோலிய பலாவிலையில் அள்ளி ஊதி ஊதிக் குடித்தவர்களுக்கு இவ்வாறுதல் புதிதன்று. அங்கு சூடும் இலையும் கற்பித்த பொறுமையை இங்கு நாமே கற்றுக்கொள்ள வேண்டும்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. போதும் என்று கூறும் பிள்ளையைக் கோப்பையை வழித்துத் தின்னுமாறு வற்புறுத்துவதும், படம் காட்டி வாயில் ஊட்டுவதும், தன் வயிற்றின் குரலைக் கேளாதிருக்க அதற்குப் பழக்குவதாகும். முதலிற் சிறிதளவே இடுவோம். வேண்டின் பிள்ளை கேட்கட்டும். மாணவருக்கும் ஒன்று கூறுவோம். பரீட்சைக் காலத்தில் புத்தகத்தை விரித்தபடி பணிஸ் கடிப்பதால் நேரம் மிச்சமாவதாகத் தோன்றும். பதினைந்து நிமிடம் புத்தகத்தை மூடிவிட்டு உண்பவர், பாடத்தையும் உணவையும் தனித்தனியே பெறுவார்.

இம்முறையின் எல்லையையும் கூறாதுவிடின் அது நேர்மையாகாது. மனக்கவலையாலும் ஆவலாலும் அளவுமீறி உண்போருக்கு இப்பயிற்சி உதவுவதை ஆய்வுகள் காட்டுகின்றன. உடல் எடையைக் குறைப்பதில் அதன் பயன் எல்லாருக்கும் ஒன்றுபோல் அமையவில்லை. இது மருந்துக்கு மாற்றும் அன்று. நீரிழிவுக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர், வைத்தியரைக் கேளாமல் மருந்தை நிறுத்தவோ உணவு வேளையைத் தவிர்க்கவோ கூடாது.

எமது நண்பருக்கு இப்போது சீனியின் அளவு ஓரளவு கட்டுப்பட்டுள்ளது. அது மருந்தாலா, மாலை நடையாலா, மேசையிற் பழகிய ஆறுதலாலா என்று பிரித்துக் கூற அவராலும் முடியவில்லை, எம்மாலும் முடியாது. ஆயினும், அவருடைய கொப்பியிலே இன்று இரண்டு நிரல்கள் உள்ளன. ஒன்று அவருடையது, மற்றையது அவர் மனைவியுடையது. அவ்வீட்டில் இரவுணவு வேளையில் இப்பொழுது ஒரு கதிரை கூடுதலாகப் போடப்படுகின்றது.

இன்றிரவு எம் வீடுகளிலும் அக்கதிரையைப் போடுவோம். என்ன உண்டோம், யாருடன் உண்டோம் என்பதை நாளை எவரேனும் கேட்டால், தயங்காது விடை கூறுவோம்.